மாத்திரை அட்டையில் ஒரு சிவப்புக் கோடு: அதன் பின்னே இத்தனை அதிசயமா!

மழையின் முதல் துளி விழுந்ததும் கமகமவென்று எழுமே மண்வாசனை, அதைக் கிளப்புவது யார் தெரியுமா? மண்ணுக்குள் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாக்கள்! அவை சுரக்கும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள்தான் அந்த மணத்துக்கு முக்கியக் காரணம். அதே இனத்து பாக்டீரியா ஒன்றிலிருந்துதான் 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது. காசநோயை வீழ்த்திய முதல் ஆன்டிபயாடிக் அது!

சென்னையில் படித்தவரின் பங்கு

நம் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாபிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் ஆராய்ச்சித் தலைவராக உயர்ந்தார் தெரியுமா? அவர் தலைமையில் இயங்கிய குழுவில்தான் பெஞ்சமின் டக்கர், மிசௌரி மாநிலத்து வயல்மண்ணிலிருந்து ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைப் பிரித்தெடுத்தார். 1948-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட அந்த மருந்துதான் டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை!

சிறுநீரிலிருந்து மீட்ட மருந்து

1941 பிப்ரவரி. ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரர் கிருமித்தொற்றால் சாகக் கிடந்தார். பெனிசிலின் ஏற்றியதும் காய்ச்சல் இறங்கியது, பசி எடுத்தது! ஆனால் உலகத்திலேயே கையிருப்பு அவ்வளவு கொஞ்சம். அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதில் வெளியேறிய பெனிசிலினைப் பிரித்தெடுத்து, மறுபடியும் அவருக்கே ஏற்றினார்கள். அதுவும் தீர்ந்தது. தொற்று திரும்பியது. மார்ச்சில் அவர் இறந்துபோனார். ஒரு துளிக்காக அப்படித் தவித்த மருந்தின் வாரிசுகளைத்தான் இன்று “அண்ணே, சளிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க” என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிறோம்!

மருந்து வருமுன்பே எதிர்ப்பு

அந்தப் போலீஸ்காரருக்கு ஊசி போடுவதற்கு முன்பே, 1940-லேயே, பெனிசிலினைச் சிதைக்கும் நொதி ஒன்று பாக்டீரியாவில் இருப்பதை அதே ஆக்ஸ்ஃபோர்டின் விஞ்ஞானிகள் ஆப்ரஹாமும் செயினும் கண்டுபிடித்துவிட்டார்கள்! அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் லெச்சுகில்லா என்ற குகை இருக்கிறது. சுமார் 40 லட்சம் ஆண்டுகள் வெளியுலகத் தொடர்பே இல்லாமல் கிடந்த அதன் ஆழத்திலும், இன்றைய ஆன்டிபயாடிக்குகளைத் தாங்கும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன! எதிர்க்கும் வித்தை அவற்றுக்குப் பழையது. அந்த வித்தை தெரிந்தவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துப் பெருக வைப்பதுதான் நம் வேலையாகிவிட்டது.

11 நாளில் ஆயிரம் மடங்கு!

ஹார்வர்டு விஞ்ஞானிகள் 2016-இல் செய்த சோதனையைக் கேளுங்கள். 2 அடி அகலம், 4 அடி நீளத்தில் ஒரு ராட்சதத் தட்டு. அதில் கருப்புச் சாயம் கலந்த கூழ். இரண்டு ஓரங்களில் மருந்தே இல்லை. நடுவை நோக்கிப் போகப் போகப் பட்டைபட்டையாக மருந்தின் அளவு பத்துப் பத்து மடங்காக ஏறுகிறது. ஓரத்தில் ஈ.கோலை பாக்டீரியாவை விட்டார்கள். வெள்ளை வெள்ளையாகப் பரவி, முதல் எல்லையில் அப்படியே நின்றது. சற்றுப் பொறுத்து, ஓர் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி எல்லையைத் தாண்டி விசிறிபோல விரிந்தது! பிறகு அடுத்த எல்லை, அதற்கடுத்தது. சுமார் 11 நாளில், ஆயிரம் மடங்கு மருந்து இருந்த நடுப்பட்டையும் அவற்றின் வசமானது!

எப்படி முடிகிறது? நல்ல சூழலில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். பத்தே மணி நேரத்தில் ஒன்று 100 கோடியைத் தாண்டும்! இத்தனை கோடியில் ஏதோ ஒன்றின் மரபணுவில் தற்செயலாக ஒரு மாற்றம் விழுந்தால் போதும். மருந்து மற்றவற்றைக் கொன்று அதற்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. போதாக்குறைக்கு, பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலை கொடுப்பதுபோல, எதிர்ப்பு மரபணுவை வேற்றின பாக்டீரியாவுக்கும் இவை கைமாற்றிவிடும்!

வைரஸிடம் செல்லாது

பெனிசிலின் நம் உடலின் செல்களை விட்டுவிட்டு பாக்டீரியாவை மட்டும் கொல்வது எப்படித் தெரியுமா? பாக்டீரியாவுக்குச் செல்சுவர் உண்டு, நமக்குக் கிடையாது. சுவர் கட்டும் வேலையைப் பெனிசிலின் கெடுத்ததும் பாக்டீரியா வெடித்துச் சாகிறது. வைரஸுக்கும் அந்தச் சுவர் இல்லை, மற்ற ஆன்டிபயாடிக்குகள் குறிவைக்கும் பாக்டீரியா உறுப்புகளும் இல்லை. அதனால் சாதாரணச் சளி, ஃப்ளூ, டெங்கு எதையும் ஆன்டிபயாடிக் தொடக்கூட முடியாது. நம் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள்தான் வீணாகச் சாகும்!

ஃபிளெமிங் சொன்ன கதை

பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், 1945-இல் தமது நோபல் உரையிலேயே ஒரு கற்பனைக் கதை சொல்லி எச்சரித்தார். ஒருவர் தொண்டைவலிக்குத் தாமே பெனிசிலின் வாங்கிக் குறைவாகப் போட்டுக்கொள்கிறார். கிருமி சாகவில்லை, மருந்துக்குப் பழகிவிடுகிறது. அது மனைவிக்குத் தொற்றுகிறது. அவருக்கு அதே மருந்து வேலை செய்யவில்லை. இறந்துபோகிறார். தவறு ஒருவருடையது, உயிர் போனது இன்னொருவருக்கு! 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகெங்கும் 12.7 லட்சம் பேர் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

சென்னையிலிருந்து ஒரு குரல்

இதைத் தடுக்க இந்தியாவின் மருத்துவச் சங்கங்கள் 2012-இல் கூடித் திட்டம் வகுத்தது எங்கே தெரியுமா? நம் சென்னையில்! ‘சென்னைப் பிரகடனம்’ என்றே அதற்குப் பெயர். 2014 மார்ச் முதல், ‘ஷெட்யூல் எச்1’ பட்டியலில் உள்ள வீரியமான ஆன்டிபயாடிக்குகளை விற்கும் கடைக்காரர், நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து இது என்று மக்களுக்குச் சொல்லத்தான் அட்டையில் அந்தச் செங்குத்துச் சிவப்புக் கோடு. 2016-இல் அதற்கென மத்திய அரசு தனிப் பிரசாரமே தொடங்கியது!

இன்றே வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து அந்தக் கோட்டைத் தேடுங்கள். போன முறை மிச்சமான ஆன்டிபயாடிக்கை இந்த முறைக் காய்ச்சலுக்குப் போடாதீர்கள், அடுத்தவருக்கும் கொடுக்காதீர்கள். டாக்டர் எழுதிய அளவை, எழுதிய நாள்வரை சாப்பிடுங்கள். “டாக்டர், இதுக்கு ஆன்டிபயாடிக் அவசியமா?” என்று தயங்காமல் கேளுங்கள். நாம் இப்படிக் காப்பாற்றி வைக்கும் மருந்துதான், நாளை பச்சிளம் குழந்தைக்கு ரத்தத்தில் தொற்று வரும்போது வேலை செய்யப்போகிறது!