பருப்புச் சட்டியை மறக்கலாமா?

புலம்பெயர்ந்த வாழ்வில் நமது சமையலறையில் முதலிற் சுருங்கியது நேரம். அடுத்துச் சுருங்கியது பருப்புச் சட்டி. கணவருக்கு இரவு வேலை, மனைவிக்குப் பகல் வேலை என்றான வீடுகளிற் சோறும் கோழிக்கறியும், அவசரத்திற்குப் பாணும் பட்டருமே உணவாகிவிட்டன. வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம் என்று சதம் சதமாக எண்ணும் நாம், இறைச்சிக்குச் செலவாவதை எண்ணிப் பார்ப்பதில்லை.

காய்ந்த மைசூர்ப் பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. அரிசியிற் குறைவான லைசீன் என்னும் அமினோ அமிலம் பருப்பில் நிறைவாக உள்ளது. பருப்பிற் குறைவான மெதியோனீனை அரிசி ஈடுசெய்கிறது. நமது முன்னோர் இப்பெயர்களை அறியார், சேர்க்கையை அறிந்திருந்தனர். இதிலொரு விந்தையும் உண்டு. இலங்கைக் கடைகளில் நாம் வாங்கிய மைசூர்ப் பருப்பு கடல் கடந்து வருவதே. இன்று அதனைப் பெருமளவில் விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் கனடா முன்னிற்கிறது; அங்கு சஸ்காச்சுவான் மாகாணமே அதன் விளைநிலம்.

தெற்காசியரிடையே நீரிழிவு மிகுதி. தட்டிற் சோற்றைச் சற்றுக் குறைத்து, அவ்விடத்திற் பயறோ கடலையோ வைத்தால், நார்ச்சத்தின் பயனாகக் குருதியிற் குளுக்கோசு விரைந்து ஏறாது. குருதிச்சோகையுள்ள பெண்கள் பருப்பில் தேசிக்காய்ப் புளி விட்டு உண்பது நன்று. அதிலுள்ள விற்றமின் சி, இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். தேநீர் அதற்குத் தடையாதலின், உணவுண்டு ஒரு மணி நேரம் கழித்து அருந்துக. சிறுநீரக நோயாளர் வைத்தியரைக் கேட்டே உணவை மாற்றவேண்டும்.

நேரமில்லை என்பார்க்கு ஒரு வழி கூறுவோம். மைசூர்ப் பருப்பை ஊறவைக்க வேண்டியதில்லை. இருபது நிமிடத்தில் அவிந்துவிடும். கடலை, கௌபி ஆகியவற்றைச் சனி இரவு ஊறவைத்து, ஞாயிறன்று அவித்து, சிறு பொதிகளாகப் பிறீசரில் வைத்தால் வாரம் முழுவதும் உதவும். ரின்னில் வரும் கடலையை நன்கு கழுவினால் உப்புக் குறையும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. கிட்னி பீன்ஸ் எனும் சிவப்பு அவரையிற் பச்சையாக நச்சுத்தன்மை உண்டு. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்நீரை ஊற்றிவிட்டு, புதுநீரிற் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்ட பின்னரே அவியவிடவேண்டும். மெதுவாகச் சமைக்கும் மின்சட்டியின் சூடு மட்டும் போதாது.

பிள்ளைகள் பருப்பை ஒதுக்கினால் வற்புறுத்த வேண்டா. ஸ்பகெற்றிக்கான தக்காளிக் குழம்பில் மைசூர்ப் பருப்பைக் கரையவிடுங்கள்; கட்லட்டிற் கடலையை மசித்துச் சேருங்கள்; விடுமுறைக் காலையிற் புட்டோடு அவித்த பயறு வையுங்கள். பாடசாலையில் எதை உண்டாலும், வீட்டு உணவின் சுவையையும் அவர்கள் அறிந்து வளரட்டும்.