பள்ளிகள் மூடப்படும் காலத்தில் தனியார் பள்ளி மாணவர்களுக்கான ஆதரவுச் சேவைகள்

பெருந்தொற்று, புயல், வெள்ளம் போன்ற காரணங்களால் பள்ளிகள் மூடப்படும்போது மாணவர்களின் படிப்பும் உணவும் உடல், மன நலமும் தடைபடாமல் இருக்கச் செய்யப்படும் ஏற்பாடுகள் ஆதரவுச் சேவைகள் எனப்படுகின்றன. தமிழ்நாட்டில் இவற்றில் பெரும்பகுதி அரசுப் பள்ளிகள், அரசு உதவி பெறும் பள்ளிகள் ஆகியவற்றின் வழியாகவே வழங்கப்படுகிறது. தனியார் சுயநிதிப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்கு எவையெல்லாம் கிடைக்கும், எவை கிடைக்காது என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. 2020 முதல் 2022 வரை நீடித்த கொரோனாக் கால மூடலை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

பள்ளி வகைகள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளை நிதி அடிப்படையில் மூன்றாகப் பிரிக்கலாம். அரசுப் பள்ளிகளும் உள்ளாட்சிப் பள்ளிகளும் முழுவதும் அரசுப் பணத்தில் நடப்பவை. அரசு உதவி பெறும் பள்ளிகளைத் தனியார் நிர்வாகம் நடத்தினாலும் ஆசிரியர் ஊதியம் அரசிடமிருந்து வருகிறது. நர்சரி பிரைமரி, மெட்ரிகுலேஷன், சி.பி.எஸ்.இ. உள்ளிட்ட சுயநிதிப் பள்ளிகள் மாணவர்கள் கட்டும் கட்டணத்தில் இயங்குபவை. பேச்சு வழக்கில் தனியார் பள்ளி என்பது பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையையே குறிக்கும்.

தனியார் பள்ளி என்றவுடன் வசதியான வீட்டுப் பிள்ளைகளே நினைவுக்கு வருகின்றனர். ஆனால் ஆட்டோ ஓட்டுநர், கட்டடத் தொழிலாளி, சிறுகடை நடத்துபவர் எனப் பலரும் ஆங்கிலவழிக் கல்விக்காகக் கடன் வாங்கிக்கூடக் குறைந்த கட்டணத் தனியார் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்க்கின்றனர். ஊரடங்கில் முதலில் வருமானம் இழந்தவர்கள் இவர்களே. பள்ளி வகையைப் பார்த்து வழங்கப்பட்ட உதவி இவர்களைச் சென்றடையவில்லை. குடும்பத்தையும் குழந்தையையும் பார்த்து வழங்கப்பட்டவை மட்டுமே சென்றடைந்தன.

மூடலின் காலவரிசை

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. 10, 12ஆம் வகுப்புகள் 2021 ஜனவரி 19 அன்றும், 9, 11ஆம் வகுப்புகள் பிப்ரவரி 8 அன்றும் தொடங்கி, இரண்டாம் அலையால் மீண்டும் நின்றன. 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் 2021 செப்டம்பர் 1 அன்றும், 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் நவம்பர் 1 அன்றும் திறக்கப்பட்டன. அதாவது தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக வகுப்பறையைப் பார்க்கவில்லை. 2022 ஜனவரியில் மீண்டும் ஒரு குறுகிய மூடலுக்குப் பின் பிப்ரவரி 1 அன்று பள்ளிகள் திறந்தன.

மழை, புயல் காலங்களில் மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் விடுமுறை தனியார் பள்ளிகளுக்கும் பொருந்தும். அவை சில நாள் மூடல்களே என்பதால் சிக்கல்கள் குறைவு.

பாடம் கற்பித்தல்

பள்ளி வகை பார்க்காமல் எல்லோருக்கும் திறந்திருந்த சேவைகள் இவை:

• கல்வித் தொலைக்காட்சி: 2019 ஆகஸ்ட் 26 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கியது. 2020 ஜூலை முதல் வகுப்பு வாரியாகப் பாடங்கள் ஒளிபரப்பாயின. சமச்சீர் கல்விச் சட்டம் 2010இல் நிறைவேறிய பின் மெட்ரிகுலேஷன் பள்ளிகளும் மாநிலப் பாடத்திட்டத்தையே பின்பற்றுவதால், அப்பள்ளி மாணவர்களும் இதனைப் பயன்படுத்த முடியும்.

• திக்‌ஷா தளம்: மாநிலப் பாடநூல்களில் அச்சிடப்பட்டுள்ள கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் வருடினால் அந்தப் பாடத்துக்கான காணொளிகளும் பயிற்சிகளும் திறக்கும். கட்டணம் இல்லை.

• பி.எம். இ-வித்யா: 2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டம். தொடக்கத்தில் ஒரு வகுப்புக்கு ஓர் அலைவரிசை என 12 தொலைக்காட்சி அலைவரிசைகளைக் கொண்டிருந்தது. சி.பி.எஸ்.இ. மாணவர்களுக்கு இது கூடுதலாகப் பயன்படும்.

தனியார் பள்ளிகள் பெரும்பாலும் தாமே இணையவழி வகுப்புகளை நடத்தின. இதற்காக மத்தியக் கல்வித்துறை 2020 ஜூலையில் பிரக்யதா என்ற நெறிமுறைகளை வெளியிட்டது. அதன்படி மழலையர் வகுப்புகளில் பெற்றோருடன் பேசுவதற்கு நாளொன்றுக்கு 30 நிமிடங்களுக்கு மிகாமல் ஒதுக்கலாம். 1 முதல் 8ஆம் வகுப்பு வரை 30 முதல் 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேலும், 9 முதல் 12 வரை நான்கு அமர்வுகளுக்கு மேலும் நடத்தக் கூடாது. ஐந்து வயதுக் குழந்தையை மூன்று மணி நேரம் கைப்பேசி முன் உட்கார வைத்த பள்ளிகளிடம் பெற்றோர் இந்த வரம்பைச் சுட்டிக்காட்ட முடிந்தது.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம், கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தன்னார்வலர்கள் மூலம் மாலை வகுப்புகளை நடத்தியது. 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளி மாணவர்களையே அது முதன்மையாகக் கருதியது. இதே இழப்பைச் சந்தித்த குறைந்த கட்டணத் தனியார் பள்ளிக் குழந்தைகளுக்கு இணையான ஏற்பாடு இல்லை.

கட்டணச் சலுகை

நீண்ட மூடலில் பெற்றோரின் முதல் கவலை கட்டணம். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி அதன் தலைவராக இருப்பார். நிர்ணயித்த தொகைக்கு மேல் வசூலிப்பது எக்காலத்திலும் சட்ட மீறலே.

2020 ஜூலை 17 அன்று சென்னை உயர் நீதிமன்றம், சுயநிதிப் பள்ளிகள் 40 விழுக்காட்டுக் கட்டணத்தை முன்பணமாகவும், பள்ளி திறந்த பின் 35 விழுக்காட்டையும் வசூலிக்கலாம் என இடைக்கால உத்தரவிட்டது. 2021 மே 3 அன்று ராஜஸ்தான் தனியார் பள்ளிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், பள்ளி மூடியிருந்ததால் நிர்வாகத்துக்கு மிச்சமான செலவைக் கணக்கிட்டு 15 விழுக்காட்டைக் குறைக்கச் சொன்னது. கட்டணம் கட்டவில்லை என்பதற்காக எந்த மாணவரையும் இணையவழி வகுப்பிலிருந்தோ நேரடி வகுப்பிலிருந்தோ நீக்கக் கூடாது, தேர்வு முடிவை நிறுத்திவைக்கக் கூடாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. இதையொட்டி 2021 ஜூலை 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம், வருமானம் குறையாத பெற்றோரிடம் 85 விழுக்காடும், பெருந்தொற்றால் பாதிக்கப்பட்டவர்களிடம் 75 விழுக்காடும் ஆறு தவணைகளில் பெறலாம் என உத்தரவிட்டது.

இந்த விழுக்காடுகள் அந்தந்தக் கல்வியாண்டுக்கு உரியவை. அடுத்த மூடலுக்குத் தாமாகப் பொருந்தா. ஆனால் பள்ளி நடக்காததால் மிச்சமான செலவை மாணவரிடம் கேட்கக் கூடாது என்ற கொள்கை எடுத்துக்காட்டத் தக்கது.

25 விழுக்காட்டு இடங்களில் படிப்போர்

2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(இ) பிரிவின்படி, சிறுபான்மையல்லாத சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளுக்குத் தர வேண்டும். இவர்களுக்கான கட்டணத்தை அரசு பள்ளிக்கு ஈடு செய்யும். எனவே பள்ளி மூடியிருந்தாலும் இக்குழந்தைகளிடம் கல்விக் கட்டணம் கேட்க முடியாது.

இணையவழி வகுப்பு வந்தபோது புதிய கேள்வி எழுந்தது. கைப்பேசியும் இணையமும் இல்லாத குழந்தைக்கு இலவச இடம் இருந்து என்ன பயன்? 2020 செப்டம்பர் 18 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், இத்தகைய குழந்தைகளுக்குக் கருவியும் இணைய வசதியும் பள்ளியே தர வேண்டும், அச்செலவை அரசிடம் பெற்றுக்கொள்ளலாம் என்றது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தடை விதித்தது. ஆயினும் அதே ஆண்டு அக்டோபரில், எண்ணிம இடைவெளியைப் போக்கத் திட்டம் வகுக்குமாறு மத்திய அரசையும் டெல்லி அரசையும் கேட்டுக்கொண்டது.

பள்ளி மாறுதல்

கட்டணம் கட்ட இயலாத பல குடும்பங்கள் குழந்தைகளை அரசுப் பள்ளிக்கு மாற்றின. ஏசர் ஆய்வின்படி, நாட்டின் கிராமப்புறங்களில் 6 முதல் 14 வயதுக் குழந்தைகளில் தனியார் பள்ளிகளில் படிப்போர் 2018இல் 32.5 விழுக்காடாக இருந்து 2021இல் 24.4 விழுக்காடாகக் குறைந்தனர்.

அப்போது பலருக்கு முட்டுக்கட்டையாக இருந்தது மாற்றுச் சான்றிதழ். பாக்கியைக் கட்டினால்தான் டி.சி. தருவோம் என்று சில பள்ளிகள் கூறின. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இதற்கு இடம் தரவில்லை. தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே வழங்க வேண்டும். சான்றிதழ் வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. இது 8ஆம் வகுப்பு வரையிலான கல்விக்குரியது. மாற்றுச் சான்றிதழைக் கட்டணப் பாக்கி வசூலிக்கும் கருவியாக்கக் கூடாது, அதில் பாக்கி பற்றிக் குறிப்பெழுதக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் கூறியுள்ளது.

எமிஸ் எனப்படும் கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்தில் மாணவரின் பதிவைப் பழைய பள்ளி பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி அதனை எடுத்துக்கொள்ளும். விடுவிக்க மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் முறையிடலாம்.

25 விழுக்காட்டு இடத்தில் படிக்கும் குழந்தையை மாற்றும் முன் ஒருமுறை யோசிப்பது நல்லது. அந்த இடம் நுழைவு வகுப்பில் மட்டுமே கிடைப்பது. விட்டுவிட்டால் திரும்பப் பெறுவது கடினம்.

உணவு

சத்துணவுத் திட்டம் அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் உரியது. மூடலின்போது அம்மாணவர்களுக்கு அரிசி, பருப்பு, முட்டை ஆகியவை உலர் பொருட்களாக வழங்கப்பட்டன. சுயநிதிப் பள்ளி மாணவர்களுக்கு இவை கிடைக்கவில்லை. அவர்கள் வீடுகளுக்குக் கைகொடுத்தது நியாயவிலைக் கடையே. 2020 ஏப்ரலில் 1,000 ரூபாய், 2021இல் இரு தவணைகளாக 4,000 ரூபாய் என அரிசி குடும்ப அட்டைதாரர்களுக்கு வழங்கப்பட்ட உதவி, பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று கேட்கவில்லை.

பெற்றோரை இழந்த குழந்தைகள்

கொரோனாவால் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு 2021 மே 29 அன்று மாநில அரசும் மத்திய அரசும் தனித்தனியே உதவி அறிவித்தன. தமிழ்நாட்டில் இருவரையும் இழந்த குழந்தையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பீடும், ஒருவரை இழந்த குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாயும் அறிவிக்கப்பட்டன. பி.எம். கேர்ஸ் திட்டத்தில், தனியார் பள்ளியில் படிக்கும் குழந்தையின் கட்டணம் கல்வி உரிமைச் சட்ட அளவின்படி வழங்கப்படும் என்றும், சீருடை, பாடநூல், குறிப்பேட்டுச் செலவும் ஏற்கப்படும் என்றும் கூறப்பட்டது. தனியார் பள்ளி மாணவரை நேரடியாகக் கருத்தில் கொண்ட மிகச் சில திட்டங்களுள் இதுவும் ஒன்று.

மாற்றுத்திறனாளி மாணவர்கள்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகள் மட்டுமன்றி அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் உள்ளடக்கிய கல்வி வழங்குவதற்கு அரசு முயல வேண்டும் என்கிறது. ஆகவே இணையவழி வகுப்பில் பார்வை, செவித்திறன் குறைபாடுள்ள மாணவருக்கு ஏற்ற வசதியைத் தனியார் பள்ளியிடமும் கேட்கலாம்.

பெற்றோர் செய்யத்தக்கவை

• கட்டணக் குழு தம் பள்ளிக்கு நிர்ணயித்த தொகையை அறிந்துகொள்ளுதல்.
• வருமானம் பாதிக்கப்பட்டால் தவணையோ சலுகையோ கேட்டு எழுத்துமூலம் விண்ணப்பித்து, நகலை வைத்துக்கொள்ளுதல்.
• கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது பெறுதல்.
• குழந்தை வகுப்புக் குழுவிலிருந்து நீக்கப்பட்டால் அந்த நாளையும் தகவலையும் பதிவு செய்து, மாவட்டக் கல்வி அலுவலரிடமோ முதன்மைக் கல்வி அலுவலரிடமோ புகார் அளித்தல்.
• கல்வி, தேர்வு தொடர்பான ஐயங்களுக்கு 14417, குழந்தையின் பாதுகாப்புக்கு 1098, உடல், மன நல ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை அழைத்தல். எந்தப் பள்ளி மாணவரும் இவற்றைப் பயன்படுத்தலாம்.

கட்டணம் நின்றுபோன குழந்தை பள்ளியின் கணக்கேட்டில் ஒரு பாக்கி மட்டுமே. சட்டத்தின் கண்ணில் அது அரசுப் பள்ளிக் குழந்தையைப் போலவே கல்வி உரிமை கொண்ட குழந்தை. அடுத்த முறை பள்ளிகள் மூடப்படும்போது உதவிகளைப் பள்ளி வகையைக் கொண்டு பிரிக்காமல், எமிஸ் பதிவையும் குடும்ப அட்டையையும் இணைத்துத் தேவைப்படும் குழந்தையைக் கண்டறிந்து வழங்கினால் இந்த இடைவெளி பெருமளவு குறையும்.