10 அடி உயரத்தில் இன்ஜின் நின்றால்? மருந்து தெளிக்கும் விமானமும் நம்ம ஊர் டிரோனும்!

'சல்லி' படம் பார்த்திருக்கீங்களா? 2009 ஜனவரியில் நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் செயலிழந்த விமானத்தை, ஹட்சன் ஆற்றில் இறக்கிய கேப்டனின் கதை. அப்போது விமானம் சுமார் 2,800 அடி உயரத்தில் இருந்தது. அவருக்குக் கிடைத்தது மூன்றரை நிமிடம். 155 பேரும் பிழைத்தார்கள்.

இப்போ அதே சம்பவத்தை 10 அடி உயரத்துக்குக் கொண்டு வாங்க. பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானங்கள் பறப்பது கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான். வேகம் 200 கிலோமீட்டர் என்றால், நொடிக்கு 55 மீட்டர். யோசிக்கவே நேரமில்லை.

'இதெல்லாம் அமெரிக்காவில் நடக்கிறது' என்று நினைக்காதீங்க. இந்த வேலைக்கென்றே ஹெச்.ஏ.எல் நிறுவனம் 'பசந்த்' என்ற விமானத்தை உருவாக்கியது. 1972 மார்ச் 30-ல் முதல்முறையாகப் பறந்தது. 1980-ல் தயாரிப்பு நிற்கும்போது வெளிவந்தவை மொத்தமே 39தான்.

சரி, இன்ஜின் நின்றுவிட்டது. பைலட் என்ன செய்வார்? முதல் வேலை, தொட்டியிலிருக்கும் மருந்தை மொத்தமாகக் கீழே கொட்டுவது. அதற்கென்றே தனி லிவர் இருக்கிறது. சில நொடிகளில் பல நூறு கிலோ குறைந்துவிடும். அடுத்து, இருக்கிற வேகத்தைக் கொஞ்சம் உயரமாக மாற்றி மரம், கம்பியைத் தாண்டுவார். ரொம்ப மூக்கைத் தூக்கினாலும் ஆபத்து. வேகம் செத்து, விமானம் கல் மாதிரி விழும். திரும்பி ரன்வேக்குப் போகும் ஆசையே கூடாது. நேர் எதிரே எது கிடைக்கிறதோ, அதுதான் ரன்வே. தரையைத் தொடும் முன் பெட்ரோல், மின்சாரம் இரண்டையும் நிறுத்திவிட வேண்டும், தீப்பிடிக்காமல் இருக்க.

விமானத்தின் வடிவமும் கைகொடுக்கும். மருந்துத் தொட்டி முன்னால், பைலட் பின்னால், அவரைச் சுற்றி இரும்புக்குழாய்க் கூண்டு. மோதினால் முதலில் நசுங்குவது முன்பகுதிதான்.

இதைச் சங்கரன்கோவில் பக்கம் கற்பனை செய்து பாருங்க. ஆடிக் காற்று வரமாக இருக்கும். தரையிறங்கும் வேகம் 110 என்றால், 30 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் நிலத்தைத் தொடுவது 80-ல். மோதலின் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும்! ஆனால், அந்தக் காற்றுக்காகவே நட்ட காற்றாலைகளும், அவற்றிலிருந்து போகும் மின்கம்பிகளும் வழியில் நிற்கும். கம்பியில் மோதுவது இந்தத் தொழிலின் பெரிய ஆபத்துகளில் ஒன்று. மழை பெய்த கரிசல் மண் என்றால் இன்னும் மோசம். சக்கரம் புதைந்து, விமானம் குப்புறக் கவிழ்ந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. பைலட் பிழைக்கக் கொட்டும் அந்த மருந்து யார் தலையில் விழும்? வானத்திலிருந்து தெளிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கேரளாவின் காசர்கோடு சாட்சி. முந்திரித் தோட்டங்களுக்கு ஹெலிகாப்டரில் அடித்த எண்டோசல்ஃபானின் வலியை அந்த மக்கள் இன்னும் சுமக்கிறார்கள். அந்த மருந்தை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது.

இப்போது மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் மருந்தடிக்க வருவது டிரோன். பைலட் உயிருக்கு ஆபத்தில்லை, நிஜமாகவே பெரிய முன்னேற்றம். ஆனால் விமானத்துக்கு இறக்கை இருப்பதால், இன்ஜின் நின்றாலும் சறுக்கிக்கொண்டே இறங்கலாம். டிரோனுக்கு அந்த வசதி இல்லை. நாலு மோட்டார் டிரோனில் ஒன்று போனால் பெரும்பாலும் தலைகுப்புறதான். ஆறு மோட்டார் என்றால் தடுமாறியாவது இறங்க வாய்ப்புண்டு. 10 லிட்டர் மருந்தோடு 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்று தலைக்கு மேல் இருக்கும்போதுதான் நம்மாட்கள் கீழே நின்று ரீல்ஸ் எடுக்கிறார்கள்!

அடுத்த முறை டிரோன் வந்தால் வரப்பில் நிற்காதீங்க. காற்று வரும் திசையில், நன்றாகத் தள்ளி நில்லுங்க. ஓட்டுபவரிடம் ரிமோட் பைலட் சான்றிதழ் இருக்கா என்று கேளுங்க, தப்பே இல்லை. வானிலிருந்து மருந்து தெளிப்பதாக இருந்தால் 24 மணி நேரத்துக்கு முன்பே ஊருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. டிரோன் விழுந்துவிட்டால், தூக்க ஓடாதீங்க. அடிபட்ட லித்தியம் பேட்டரி கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று தீப்பிடிக்கும்.