துடுப்பும் துணையும்

ஆறு என்னும் சொல்லுக்கு நீரோடும் நதி என்பது ஒரு பொருள்; வழி என்பது மற்றொரு பொருள். வள்ளலைக் கண்டு திரும்பும் கலைஞன், வறுமையில் வாடும் மற்றொரு கலைஞனை அவ்வள்ளலிடம் வழிப்படுத்தும் நூலுக்கு ஆற்றுப்படை எனப் பெயரிட்டனர் நம் முன்னோர். வழியின் சிறப்பை மட்டுமன்றி, வழியில் நேரக்கூடிய இன்னல்களையும் முன்கூட்டியே எடுத்துரைப்பது அந்நூல்களின் இயல்பு. மலைபடுகடாம் இதற்குத் தக்க சான்றாகும். சென்று வந்தவன் செல்லவிருப்பவனுக்குச் செய்யும் இவ்வுதவி, இன்று நீர் ஓடும் ஆற்றுக்கே தேவைப்படுகிறது. அத்தகைய உதவியை ஒழுங்குமுறையாகச் செய்துவரும் துடுப்புப் படகுக் கழகங்களைப் பற்றியும், அவை உணர்த்தும் ஆற்றுப் பாதுகாப்பைப் பற்றியும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு தந்தையின் வினா

இப்பொருளை நான் தேர்ந்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பு மாணவர் ஒருவர் விடுமுறை நாளில் நண்பர்களுடன் ஆற்றுக்குக் குளிக்கச் சென்றார், திரும்பவில்லை. ஜனாஸா தொழுகைக்குப் பின், நீரில் மூழ்கி இறந்தோர்க்கு ஷஹீதுக்குரிய நற்பேறு உண்டு எனப் பெரியவர்கள் அவருடைய தந்தைக்கு ஆறுதல் கூறினர். அவர் அதனை ஏற்றுக்கொண்டார். ஆயினும், என் கையைப் பற்றியவாறு ஒரே ஒரு வினாவை மட்டும் கேட்டார். தம் மகன் சிறு வயது முதல் நன்றாக நீந்தத் தெரிந்தவனாயிற்றே, இடுப்பளவு நீர்கூட இல்லாத சிறு தடுப்பணையின் அடியில் அவன் எவ்வாறு மூழ்கினான் என்பதே அவ்வினா. என்னிடம் விடை இல்லை. அதன் விடையைப் பின்னாளில், துடுப்புப் படகுக் கழகத்தார் தம் உறுப்பினர்க்கு முதற்பாடமாகக் கற்பிக்கும் செய்திகளில் கண்டேன்.

கழகங்களின் தோற்றமும் பணியும்

படகில் பொருத்திய தண்டினை வலித்துச் செலுத்துவது ஒரு முறை; படகோடு பிணைக்காத துடுப்பைக் கையில் ஏந்திச் செலுத்துவது மற்றொரு முறை. பின்னதற்குரிய படகுகளுள் இரண்டு உலகெங்கும் பரவியுள்ளன. வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்கள், விலங்குத் தோலால் மேற்புறத்தையும் மூடி அமைத்த படகு கயாக் எனப்பட்டது. வட அமெரிக்கப் பழங்குடியினர் பூர்ச்ச மரப்பட்டை கொண்டு செய்த திறந்த படகு கனூ எனப்பட்டது. வாழ்க்கைத் தேவைக்காகப் பிறந்த இப்படகுகள் பின்னர் விளையாட்டுக்குரியனவாயின. ஜான் மேக்ரெகர் என்னும் ஸ்காட்லாந்து வழக்கறிஞர், 1865ஆம் ஆண்டில் தம் சிறு படகில் ஐரோப்பிய ஆறுகளில் பயணம் செய்து, மறு ஆண்டு அதனை நூலாக வெளியிட்டார். அதே 1866ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்தில் நிறுவிய கழகமே இன்றைய ராயல் கனூ கழகமாகும். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முழுமையான இடம் பெற்றது.

இன்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சிற்றூர்கள் பலவற்றில்கூட இத்தகைய கழகங்கள் உள்ளன. ஆசிரியர், தச்சர், மாணவர், ஓய்வு பெற்றோர் எனப் பலதரப்பட்டோரும் அவற்றில் உறுப்பினராவர். புதிதாகச் சேர்ந்தவரை உடனே ஆற்றில் இறக்கிவிடுவதில்லை. முதலில் நீச்சல் குளத்தில் பயிற்சி நடைபெறும். கவிழ்ந்த படகிலிருந்து பதற்றமின்றி வெளியேறுதல் முதற்பயிற்சி. படகை விட்டு நீங்காமலே துடுப்பின் துணையால் மீண்டும் நிமிர்தல் அடுத்த பயிற்சி. அதன் பின்னரே அமைதியான நீர்நிலை. அதற்கும் பின்னரே ஓடும் ஆறு.

ஆறுகளின் கடுமையை ஒன்று முதல் ஆறு வரை தரப்படுத்தும் அனைத்துலக அளவுகோல் ஒன்று உண்டு. முதல் தரம் சிற்றலைகள் கொண்ட எளிய ஓட்டம். ஆறாம் தரம் வல்லுநரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டிய பெருங்கடுமை. இத்தரம் நிலையானதன்று. ஒரே ஆறு கோடையில் இரண்டாம் தரத்திலும், மழைக்காலத்தில் நான்காம் தரத்திலும் அமையலாம். ஆகவே, புறப்படும் முன் அன்றைய நீர்மட்டத்தை அறிவது கழகத்தாரின் தலையாய கடமையாகும். விழுந்து கிடக்கும் மரங்களைக் குறித்து ஒருவர்க்கொருவர் அறிவித்தல், கரையிலுள்ள குப்பைகளை அகற்றுதல், அணையில் நீர் திறக்கும் கால அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுமாறு வேண்டுதல் ஆகியனவும் அவர்தம் பணிகளே. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள கௌலி ஆற்றில், ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் முன்னரே அறிவித்த நாள்களில் அணைநீர் திறக்கப்படுகிறது. 1986ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமே அதற்கு அடிப்படையாகும்.

தடுப்பணையின் சூழ்ச்சி

இனி, அத்தந்தையின் வினாவுக்கு வருவோம். கழகத்தார் பெரிதும் அஞ்சுவது பேரருவியை அன்று. ஆள் உயரமே உள்ள தடுப்பணையைத்தான். பேரருவி தன் ஓசையால் எச்சரிக்கும். தடுப்பணையோ மேற்புறமிருந்து பார்ப்பவர்க்குக் கோடிட்டாற்போன்ற நீர்ப்பரப்பாகவே தோன்றும். அதன் அடியில் நிகழ்வதே சூழ்ச்சி.

அணையைத் தாண்டி விழும் நீர் நேராக அடித்தளத்தை நோக்கிப் பாய்கிறது. அதனால் உண்டாகும் இடைவெளியை நிரப்புவதற்கு, மேற்பரப்பிலுள்ள நீர் ஓட்டத்திற்கு எதிராக அணையை நோக்கித் திரும்புகிறது. இவ்வாறு அணையின் நீளம் முழுவதும் ஓர் உருளைபோல் நீர் சுருண்டுகொண்டே இருக்கும். இதில் அகப்பட்டவர் மேலெழுந்ததும் அணையை நோக்கி இழுக்கப்படுவார்; விழும் நீர் அவரை அடியில் அமிழ்த்தும்; சற்றுத் தொலைவில் மேலெழுவார்; மீண்டும் இழுக்கப்படுவார். நீரில் காற்றுக் குமிழிகள் மிகுதியாகக் கலந்திருப்பதால் அது உடலைத் தாங்கும் ஆற்றலையும் இழந்திருக்கும். இருபுறமும் சுவர் எழுப்பப்பட்டிருந்தால் பக்கவாட்டில் விலகவும் வழியில்லை. நீந்தத் தெரிந்தவரின் கைகளுக்குப் பற்றுக்கோடு இல்லாத நீர் அது. மேலும், விழும் நீர் அடித்தளத்தைக் குடைந்துவிடுவதால், பார்வைக்கு இடுப்பளவாகத் தோன்றும் இடத்தில் ஆள் அமிழும் பள்ளம் இருத்தல் கூடும். மேலைநாட்டு மீட்புப் பணியாளர் இத்தகைய அணைகளை மூழ்கடிக்கும் பொறி என்றே அழைப்பதன் காரணம் இதுவாகும்.

2021ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் நகரில் நிகழ்ந்த துயரம் இதனை உலகுக்கு உணர்த்தியது. நின்றவாறு துடுப்பிடும் பலகைகளில் ஒன்பது பேர் கொண்ட குழு ஒன்று மேற்குக் கிளெத்தாவ் ஆற்றில் சென்றது. பெருமழையால் ஆறு பெருகியிருந்தது. நகரின் நடுவேயுள்ள தடுப்பணையில் விழுந்து நால்வர் உயிரிழந்தனர். வழிநடத்திய இருவருள் ஒருவர், தாம் பாதுகாப்பாகக் கரையேறிய பின்னும், பிறரைக் காக்க மீண்டும் நீரில் இறங்கி மாண்டார். ஆய்ந்த அரசு விசாரணைப் பிரிவு 2022ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. திட்டமிடலில் இருந்த குறைபாடுகளை அது சுட்டியது. பலகையையும் காலையும் பிணைத்திருந்த கயிறு, ஓடும் ஆற்றுக்கு ஏற்றதன்று என்பதும் தெளிவாயிற்று. ஆற்றில் செல்வோர் இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் விடுவித்துக்கொள்ளும் கயிற்றையே பயன்படுத்த வேண்டும். அப்பயணத்தை நடத்தியவருக்கு 2025ஆம் ஆண்டில் பத்தாண்டு ஆறு திங்கள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வானிலை, நீர்மட்டம், வழியிலுள்ள அணை ஆகிய மூன்றும் முன்னரே அறியக்கூடியனவாக இருந்தும் நால்வர் மாண்டனர் என்பதே நெஞ்சை உறுத்துவதாகும்.

மழையின்றிப் பெருகும் வெள்ளம்

இரண்டாவது இடர், திடீரெனப் பெருகும் நீர். 2014ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், இமாசலப் பிரதேசத்தின் பியாஸ் ஆற்றங்கரைப் பாறைகளில் நின்றுகொண்டிருந்த ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியியல் மாணவர் 24 பேரும், சுற்றுலா நடத்துநர் ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டனர். மேலேயிருந்த லார்ஜி நீர்மின் திட்ட அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டதே காரணம்.

நம் காவிரிக்கும் இவ்வியல்பு உண்டு. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பொழியும்போது, திருச்சியில் வானம் தெளிந்திருக்கும். மேட்டூரில் நீர் திறந்தால் இங்கே மழைத்துளி இன்றியே ஆறு பெருகும். மக்கள் ஆற்றை நாடிச் செல்லும் ஆடி மாதமும் அக்காலத்தில்தான் வருகிறது. நாளிதழில் நாம் காணும் வினாடிக்கு 50,000 கன அடி என்னும் கணக்கின் பொருளைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டராகும். எனவே, ஒவ்வொரு வினாடியும் ஏறக்குறைய 1,415 டன் எடையுள்ள நீர் கடந்து செல்கிறது என்பது அதன் பொருள். மேலும், நீரின் வேகம் இருமடங்கானால் அது உடலின்மீது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். ஒகேனக்கல்லில் நீர்வரத்து மிகும்போது பரிசல் இயக்கத் தடை விதிக்கப்படுவது இதனாலேயாகும். ஐந்தருவியைக் காண வந்து ஏமாந்து திரும்புவோர், அத்தடையைத் தொல்லையாகக் கருதாமல் காவலாகக் கருதுதல் நன்று.

கழகத்தார் கைக்கொள்ளும் விதிகள்

கழகத்தாரின் விதிகள் எளியன. தனியே செல்லாதே, மூவர்க்குக் குறைந்து செல்லாதே என்பது முதல் விதி. வழியறிந்தவர் முன்னே செல்வார். தேர்ந்தவர் ஒருவர் இறுதியில் வருவார். புதியவர் இடையில் அமைவர். மிதவைச் சட்டையும் தலைக்கவசமும் அணியாதவர்க்குப் படகில் இடமில்லை. ஆற்றொலியில் குரல் கேளாது ஆதலின், துடுப்பைச் செங்குத்தாக உயர்த்தினால் வரலாம் என்றும், தலைக்குமேல் கிடையாகப் பிடித்தால் நிற்க வேண்டும் என்றும், சீழ்க்கையை மும்முறை நீள ஊதினால் உதவி வேண்டும் என்றும் குறிகள் வகுத்துள்ளனர். தடுப்பணை எதிர்ப்பட்டால் படகைத் தோளில் சுமந்து கரைவழியே கடப்பர். அவ்வாறு கடப்பதை அவர்கள் இழிவாக எண்ணுவதில்லை.

நீரில் வீழ்ந்தவர், விரைந்தோடும் ஆற்றில் எழுந்து நிற்க முயலுதல் கூடாது. பாறையிடுக்கில் கால் சிக்கினால், முழங்காலளவைச் சற்றே கடந்த நீரும் அவரைக் குப்புறத் தள்ளிவிடும். மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதந்தவாறே மெல்லக் கரை சேர்தல் வேண்டும். காப்பாற்ற முனைவோர்க்கும் வரிசைமுறை உண்டு. கரையில் நின்றே கையோ கழியோ நீட்டுதல் முதற்படி. மிதக்கும் கயிற்றை வீசுதல் இரண்டாம் படி. படகில் செல்லுதல் மூன்றாம் படி. நீரில் குதித்தல் பயிற்சி பெற்றோர்க்கு மட்டுமே உரிய இறுதிப் படி. ஒருவரைக் காக்க ஒருவராய்ப் பலர் இறங்கி மாளும் செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். அன்பு குறைந்தமையால் அவர்கள் மாளவில்லை. அறிவுறுத்துவார் இன்மையால் மாண்டனர்.

நாம் செய்யத்தக்கன

கோழிக்கோடு மாவட்டத்தின் சாலிப்புழையிலும் இருவஞ்ஞிப்புழையிலும் பருவமழைக் காலத்தில் கயாக் விழா நடைபெறுகிறது. நமக்கு அத்தகைய வீர விளையாட்டு உடனே கைகூடாது போகலாம். ஆனால், அதன் பாதுகாப்பு ஒழுங்கைக் கைக்கொள்ளப் படகும் தேவையில்லை. கல்விச் சுற்றுலாவின்போது நீர்நிலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், அன்றைய நீர்வரத்தை உரிய அலுவலரிடம் கேட்டறிதல் வேண்டும். இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் 1993ஆம் ஆண்டு மாணவர் நால்வர் கயாக் பயணத்தில் மாண்டதன் பின்னரே, 1995ஆம் ஆண்டில் இளைஞர் பாதுகாப்புச் சட்டம் அங்கே பிறந்தது. சட்டம் பிறக்க நாமும் உயிர்களை விலையாகத் தர வேண்டியதில்லை.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர், தீயணைப்பு மீட்புப் பணித் துறையினரின் துணையுடன் கயிறு வீசுதலையும், மூழ்கியவர்க்குச் செயற்கைச் சுவாசம் அளித்தலையும் கற்கலாம். படித்துறைதோறும் நீண்ட கயிறு கட்டிய, இறுக மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் குடம் ஒன்றை வைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. வெள்ளக் காலத்தில் ஜும்ஆ நாளன்று, ஆற்றில் நீர் திறக்கப்பட்டுள்ள செய்தியை ஜமாஅத்துப் பெரியவர்கள் ஒரு சொல்லால் அறிவித்தால், அது பல இல்லங்களைச் சென்றடையும்.

ஒட்டகத்தைக் கட்டாது விட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டலாமா என வினவியவரிடம், முதலில் கட்டுமாறும் பின்னர்ப் பொறுப்புச் சாட்டுமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நாம் அறிவோம். விதியை நம்புவோர் முன்னெச்சரிக்கையைக் கைவிடத் தேவையில்லை என்பதே அதன் தெளிவு.

அத்தந்தையைப் பின்னர் ஒருநாள் கண்டு, நீர் சுருளும் வகையைத் தாளில் வரைந்து காட்டினேன். நெடுநேரம் அதனைப் பார்த்திருந்துவிட்டு, தம் மகனிடம் குறையில்லை என்று மட்டும் கூறினார். பின்பு அத்தாளை வாங்கி மடித்துக்கொண்டு, ஆற்றங்கரைத் தெருவிலுள்ள பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றார். சென்று வந்தவரே ஆற்றுப்படுத்துவது மரபு. சென்று வராதவரின் பொருட்டு, எஞ்சியுள்ள நாம் ஆற்றுப்படுத்துதல் வேண்டும்.