பெட்டி கொடுக்கும் முகவரி

கம்ப்யூட்டருக்கும் முகவரி உண்டு, தெரியுமா? நெட்வொர்க்கில் சேர்கிற ஒவ்வொரு கார்டுக்கும் தொழிற்சாலையிலேயே ஓர் எண் கொடுத்து அனுப்புகிறார்கள். அதுதான் மேக் எண். மொத்தம் 12 இலக்கம். 0 முதல் 9 வரை போதாது என்று ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்தும் சேர்த்துக்கொள்வார்கள். முதல் 6 இலக்கம் கம்பெனியைக் காட்டும். அதை ஐ.இ.இ.இ. என்ற அமைப்பு பிரித்துக் கொடுக்கிறது.

இனி பிளேடு சர்வர். பென்சில் சீவுகிற பிளேடு இல்லைங்க! ஒல்லியான சர்வர்களை, அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல ஒரே பெட்டிக்குள் செருகி வைப்பார்கள். அந்தப் பெட்டிக்குப் பெயர் சேஸிஸ். மின்சாரம், காற்றாடி எல்லாம் பொது. 2008-இல் டெல் கம்பெனி கொண்டுவந்த எம்1000இ பெட்டியில் அரை உயர சர்வர் என்றால் 16 வரை செருகலாம்.

ராத்திரியில் ஒன்று கெட்டுப்போச்சு என்று வையுங்கள். அதைக் கழற்றிவிட்டு வேறொன்று செருகணும். புதுசுக்கு மேக் எண் வேறு. ஆனால் ஐ.பி. எண் கொடுக்கிற சர்வரில் பழைய எண்தான் எழுதியிருக்கும். சில சாஃப்ட்வேரின் உரிமமும் பழைய எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். எல்லா இடத்திலும் திருத்தி முடிக்கும்வரை வேலை நிற்கும். அது ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் என்றால்?

டவுன் பஸ் பழுதானால் டிப்போவிலிருந்து வேறு பஸ் வரும். நம்பர் பிளேட் வேறு, தடம் எண் பலகை அதேதான். யாரும் குழம்பாமல் ஏறிவிடுவோம். டெல் செய்ததும் இதுதான். எண்ணை சர்வருக்குக் கொடுக்காமல், அது உட்காரும் இடத்துக்குக் கொடுத்தார்கள். அந்த இடத்தை ஸ்லாட் என்பார்கள். இந்த வசதியின் பெயர் ஃப்ளெக்ஸ்அட்ரஸ். எண்கள் இருப்பது ஒரு சின்ன எஸ்.டி. கார்டில். அதைப் பெட்டியின் நிர்வாகக் கருவியான சி.எம்.சி.யில் செருகணும். ஒரு பெட்டியில் இயக்கிவிட்டால் அந்தக் கார்டு வேறு பெட்டியில் வேலை செய்யாது.

பிறகு சி.எம்.சி. திரையில் எந்தெந்த ஸ்லாட்டுக்கு வேண்டும் என்று டிக் செய்யணும். முக்கியமா, அந்த ஸ்லாட்டின் சர்வர் அணைந்திருக்கணும். ஓடுகிற பஸ்ஸில் பலகை மாற்ற முடியுமா? அப்புறம் சர்வரைப் போட்டுப் பார்த்தால் இரண்டு எண்ணும் தெரியும். நடப்பில் உள்ள எண்ணுக்குப் பக்கத்தில் பச்சை டிக் இருக்கும். தொழிற்சாலை எண் அழியாது. வசதியை நிறுத்தினால் அதுவே திரும்பி வரும்.

ஒன்றில் மட்டும் கவனம். 3-ஆம் ஸ்லாட் சர்வரை எடுத்து 7-இல் செருகினால் அது 7-இன் எண்ணைத்தான் பேசும். எதை எங்கே செருகியிருக்கிறோம் என்று பெட்டி மேலேயே சீட்டு ஒட்டி வைப்பது நல்லது.