புனிதர் பெயரா, புதுப் பெயரா?

ஆத்தூரிலிருந்து நேயர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர். அவர் இல்லத்தில் பேரன் பிறந்திருக்கிறான். தம் தகப்பனாரின் பெயராகிய முடியப்பன் என்பதைக் குழந்தைக்கு இட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மகனும் மருமகளுமோ கைப்பேசியில் கிடைத்த பட்டியல் ஒன்றைப் புரட்டி, காதுக்குப் புதிதாயுள்ள வேறொரு பெயரைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். முடிவில், கோவிலிலுள்ள ஞானஸ்நானப் பதிவேட்டில் ஸ்டீபன் என்றும், நகராட்சிப் பதிவேட்டில் புதுப் பெயர் என்றும் எழுதிச் சமாதானமாய்ப் போகலாம் என்று யோசனை பிறந்ததாம். "இது நியாயந்தானா?" என்று அவர் நம்மைக் கேட்கிறார்.

ஒரு குடும்பத்தின் தொட்டிலருகே தினசரிப் பத்திரிகைக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். வேறு சமயத்தாரின் ஞானஸ்நானத்தைப் பற்றி நாம் அபிப்பிராயம் கூறுவது உசிதமா என்று வேறு சிலர் ஐயுறலாம். சமய விதியில் தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை. அது குருமாரின் பொறுப்பு. ஆனால் ஒரு மனிதனின் பெயர் அவன் சமயத்துக்கு மட்டும் சொந்தமன்று. அவன் பேசும் பாஷைக்கும், அவன் பிறந்த நாட்டுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பங்கைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

முதலில் திருச்சபையின் விதி என்னவென்று பார்ப்போம். திரெந்து சங்கத்தின் பின்னர் 1566ஆம் ஆண்டில் வெளிவந்த ரோமை ஞானோபதேசம், ஞானஸ்நானம் பெறுவோர்க்குப் புனிதர்களின் பெயரையே இடவேண்டும் என்று கூறிற்று. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் அதையே வற்புறுத்திற்று. ஆயினும், பெற்றோர் இணங்காவிடில் அவர்கள் விரும்பிய பெயரோடு ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்து, இரண்டையும் ஒரே பதிவேட்டில் எழுதிவிடும்படி குருவுக்குக் கட்டளையிட்டது. இன்று வழக்கிலுள்ள 1983ஆம் ஆண்டுச் சட்டமோ இன்னும் தளர்ந்தது. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் இடப்படாதபடி பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குக் குருவும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. எனவே, புனிதர் பெயரை இடாவிடில் ஞானஸ்நானம் இல்லை என்று எவரும் இன்று சொல்ல முடியாது. தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருடையது. உரிமை பெரிதாகும்போது பொறுப்பும் பெரிதாகும் என்பதை மறத்தலாகாது.

நிற்க. முடியப்பன் என்பது பட்டிக்காட்டுப் பெயர் என்றும், ஸ்டீபன் என்பது நாகரிகப் பெயர் என்றும் எண்ணுவோர் ஒன்றை அறியவேண்டும். இரண்டும் ஒரே புனிதரின் பெயரே. கிரேக்க பாஷையில் 'ஸ்தெபனோஸ்' என்றால் முடி என்று பொருள். வேதத்துக்காக முதன்முதல் உயிரைக் கொடுத்த அந்தப் புனிதரை, பொருளறிந்து முடியப்பர் என்று நம் முன்னோர் அழைத்தனர். பவுல் என்னும் பெயருக்கு இலத்தீனில் சிறியவர் என்பது பொருள். அவர் சின்னப்பர் ஆனார். கடவுளின் அருளைக் குறிக்கும் எபிரேயப் பெயருடைய யோவான், அருளப்பர் ஆனார். ஆண்மையைக் குறிக்கும் கிரேக்கப் பெயருடைய அந்திரேயா, பெலவேந்திரர் ஆனார். சூசை, சவரி, சந்தியாகு என்பவை போர்த்துக்கேசிய ஒலியைத் தமிழ் நாவுக்கு இசைத்துக்கொண்டவை. அவற்றோடு முத்து, ராயன், அப்பன் என்னும் நம் சொற்களைச் சேர்த்து, சவரிமுத்து, சவரிராயன், சூசையப்பன் என்று வழங்கினர். அடைக்கலம், ஆரோக்கியம், சகாயம், ஜெபமாலை, அமலோற்பவம் முதலிய பெயர்கள் தேவமாதாவின் மீதுள்ள பக்தியிலிருந்து பிறந்தவை.

இந்த வேலை ஒருநாளில் நடந்ததன்று. தத்துவ போதகர் என்று பெயர் கொண்ட இத்தாலியரான ராபர்ட் தெ நோபிலி, 1623ஆம் ஆண்டில் நமது சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். அந்நிய நாட்டார் நம் நாட்டு மக்களிடம் பேச விரும்பினால் நம் பாஷையில் ஒரு பெயர் தாங்கி வரவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஓரியூரில் 1693ஆம் ஆண்டில் உயிர்நீத்த ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனார். பெஸ்கி பாதிரியார் வீரமாமுனிவர் ஆனார். அவர் 1726ஆம் ஆண்டில் முடித்த தேம்பாவணியில், பெருகுதலைக் குறிக்கும் ஜோசப் என்னும் பெயரை வளன் என்று மொழிபெயர்த்தார். நட்டாலத்து நீலகண்டர் 1745ஆம் ஆண்டில் ஞானஸ்நானம் பெற்றபோது, லாசர் என்னும் பெயரைத் தேவசகாயம் என்று தமிழாக்கி அவருக்கு இட்டார்கள். 1752ஆம் ஆண்டில் சுட்டுக் கொல்லப்பட்ட அவரை, 2022ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் தேதி ரோமாபுரியில் புனிதர் என்று அறிவித்தபோதும், உலகம் உச்சரித்தது தேவசகாயம் என்னும் தமிழ்ப் பெயரையே.

உலகத்துப் பிற தேசத்தார் என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நாம் அருளப்பர் என்கிற புனிதரை ஆங்கிலேயன் ஜான் என்கிறான். பிரெஞ்சுக்காரன் ழான் என்கிறான். ஸ்பானியன் ஹுவான் என்கிறான். ருஷியன் இவான் என்கிறான். அயர்லாந்துக்காரன் ஷான் என்கிறான். ஒவ்வொருவனும் தன் பாஷையின் அச்சிலே வார்த்த பெயரைப் பெருமையோடு தாங்குகிறான். தன் பெயரை ஆங்கிலேயனுடைய பெயராக மாற்றினால்தான் புனிதரின் ஆசீர்வாதம் கிட்டும் என்று ருஷியக் குடியானவன் எண்ணியதில்லை. தமிழன் மட்டும் அருளப்பன் என்பதை விட்டு ஜான் என்றும், முடியப்பன் என்பதை விட்டு ஸ்டீபன் என்றும் சொல்வானேன்? அரசியல் அடிமைத்தனம் 1947ஆம் ஆண்டில் ஒழிந்தது. பெயர் விஷயத்தில் அது இன்னும் தொட்டிலருகே நின்று தாலாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறது.

இதில் இன்னொரு விபரீதமும் உண்டு. கத்தோலிக்கரும் பிராட்டஸ்டண்டாரும் சேர்ந்து ஆக்கிய திருவிவிலியம் 1995ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரு சாராரும் ஒரே வேதத்தை வாசிக்கச் செய்த நல்ல முயற்சி அது; அதை நாம் குறைகூறவில்லை. ஆனால் அந்த ஒற்றுமையின் பொருட்டு அருளப்பர் யோவான் ஆனார். இராயப்பர் பேதுரு ஆனார். சின்னப்பர் பவுல் ஆனார். கோவிலில் வாசிக்கப்படும் வேதத்திலிருந்து அந்தப் பழம்பெயர்கள் மறைந்தன. இப்போது அவற்றுக்கு எஞ்சியிருக்கும் புகலிடம் பழைய ஆலயங்களின் பெயர்ப் பலகைகளும், உயிரோடு நடமாடும் மனிதர்களின் பெயர்களுமே. பாட்டனாரோடு முடியப்பன் என்னும் பெயரும் கல்லறைக்குப் போய்விடுமானால், 300 ஆண்டுகளுக்கு மேல் நம்மவர் தேடிச் சேர்த்த செல்வம் ஒரு தலைமுறையில் அழிந்துபோகும்.

இனிப் புதுப் பெயர்களைப் பார்ப்போம். இளம் பெற்றோர் அவற்றை விரும்புவதற்குக் காரணம் இல்லாமலில்லை. சுருக்கமாயிருக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்யலாகாது, வெளிநாடு சென்றாலும் உச்சரிக்க எளிதாயிருக்க வேண்டும் என்று அவர்கள் விரும்புகிறார்கள். இவை தவறான விருப்பங்களல்ல. ஆனால் பட்டியலில் கிடைக்கும் பல பெயர்களுக்குப் பொருள் என்னவென்று கேட்டால், வைத்தவர்களுக்கே விடை தெரிவதில்லை. எண் சாஸ்திரக்காரர் சொற்படி ஆங்கில எழுத்துக்களைக் கூட்டியும் குறைத்தும் எழுதுகிறார்கள். கெவின் என்ற பெயரைப் புதுமை என்று கொண்டாடுகிறார்கள். அது அயர்லாந்தின் பழைய புனிதர் ஒருவருடைய பெயர் என்பதை அறிந்தவர் சிலரே. ஆகவே இந்த வழக்கு, புனிதருக்கும் புதுமைக்கும் நடக்கும் வழக்கன்று. சொந்த உடைக்கும் இரவல் உடைக்கும் நடக்கும் வழக்காகும்.

சுருக்கமும் புதுமையும் வேண்டுவோர் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. வளன் என்பதைக் காட்டிலும் சுருக்கமான பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது? அருள், அமலா, சகாயம் என்னும் பெயர்களை உச்சரிக்க எந்த நாட்டாருக்குத்தான் வருத்தம்? சேலம் நகராட்சிக் கல்லூரியில் 1944ஆம் ஆண்டு முதல் 1956ஆம் ஆண்டு வரை தமிழ் கற்பித்த பாவாணர், தேவநேசன் என்னும் தம் கிறிஸ்தவப் பெயரைத் தேவநேயன் என்று தூய தமிழாக்கிக் கொண்டார். அதனால் அவருடைய கிறிஸ்தவம் குறைந்துவிடவில்லை. பெயரின் பொருளும் மாறவில்லை. சேலம் கத்தோலிக்க மேற்றிராசனம் 1930ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அதன் இரண்டாவது ஆயராக 1949ஆம் ஆண்டில் பொறுப்பேற்றவரின் பெயர் செல்வநாதர். ஈழத்திலே தமிழாராய்ச்சிக்குப் பெரும் பணி புரிந்த தனிநாயகம் அடிகள், சேவியர் என்ற புனிதர் பெயரையும் தனிநாயகம் என்ற தமிழ்ப் பெயரையும் ஒருங்கே தாங்கினார்.

நம் தேசியவாதிகளுள் சிலர், புனிதர் பெயர்களே அந்நியச் சரக்கு, அவற்றை அடியோடு விட்டொழிக்கவேண்டும் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களுக்கு ஓர் உதாரணம் காட்டுவோம். 1892ஆம் ஆண்டில் தஞ்சையில் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்ற பெயரோடு பிறந்தவர், காந்தியடிகளின் தொண்டரானபோது, தம் முன்னோரின் பெயராகிய குமரப்பா என்பதை மீண்டும் ஏற்றுக்கொண்டார். கொர்னேலியஸ் என்பதை விட்ட அப்பெரியார் ஜோசப் என்பதை விடவில்லை. கிராமக் கைத்தொழிலுக்காக உழைத்த நாளெல்லாம் ஜே. சி. குமரப்பா என்றே கையெழுத்திட்டார். அவர் தேசபக்திக்குப் புனிதர் பெயர் குறுக்கே நிற்கவில்லை. அவ்வாறே, 1858ஆம் ஆண்டில் கிறிஸ்தவரான கிருஷ்ண பிள்ளை, ஹென்றி ஆல்பிரட் என்ற பெயரை ஏற்றும், கிருஷ்ண பிள்ளை என்பதைக் கைவிடாமலே இரட்சணிய யாத்திரிகம் பாடினார். ஒருவரை மற்றவர் பெயரால் சந்தேகிக்கும் குணம் தேசபக்தி ஆகாது.

இரண்டு பதிவேட்டில் இரண்டு பெயர் எழுதும் யோசனையை இனி ஆராய்வோம். நாம் வழக்கறிஞர் தொழிலையும் அறிந்தவராகையால் இதைச் சற்று அழுத்தியே கூறவேண்டியிருக்கிறது. பழைய திருச்சபைச் சட்டம் இரு பெயர்களையும் ஒரே பதிவேட்டில், பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லிற்று. இப்போது சொல்லப்படும் யோசனையோ ஒரே மனிதனை இரு மனிதராக்குவது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தை 2023ஆம் ஆண்டில் திருத்தியிருக்கிறார்கள். அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் தேதியும் அதன் பின்னரும் பிறந்த குழந்தைக்கு, பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட், சர்க்கார் உத்தியோகம், விவாகப் பதிவு ஆகிய எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். கோவிலில் விவாகம் ஒரு பெயரிலும் சர்க்காரில் மற்றொரு பெயரிலும் பதிவானால், பின்னர் சொத்துரிமையிலும் வாரிசுரிமையிலும் பிரமாணப் பத்திரம் எழுதி அலையவேண்டியது அந்தக் குழந்தைதான். அவசரப்படவும் வேண்டியதில்லை. பிறப்பை மட்டும் பதிந்துவிட்டு, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கச் சட்டம் இடந்தருகிறது. அதன் பின்னரும் கட்டணம் செலுத்தி 15 ஆண்டுகள் வரையில் சேர்க்கலாம். பாட்டனாரும் பெற்றோரும் கலந்து பேச இந்தக் காலம் போதும்.

ஆயினும், இரட்டைப் பெயரைத் தேடுவோர் எல்லாரும் நாகரிக மோகத்தால் அப்படிச் செய்கிறார்கள் என்று நாம் கூறமாட்டோம். அதைக் காட்டிலும் வேதனையான காரணம் ஒன்று இருக்கிறது. 1950ஆம் ஆண்டில் ஜனாதிபதி பிறப்பித்த உத்தரவு, ஷெட்யூல்டு வகுப்பினரின் உரிமையை ஹிந்துக்களுக்கு மட்டும் அளித்தது. 1956ஆம் ஆண்டில் சீக்கியரும் 1990ஆம் ஆண்டில் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர்; கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தீண்டாமையின் கொடுமையை அனுபவித்த ஏழை ஒருவன், புனிதர் பெயரைச் சர்க்கார் தஸ்தாவேஜில் எழுதினால் தன் மகனின் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் ஊறு வருமோ என்று அஞ்சி, கோவிலுக்கு ஒரு பெயரும் கச்சேரிக்கு ஒரு பெயருமாக வைத்துக்கொள்கிறான். அவனைக் கோழை என்று இகழ நமக்கு உரிமையில்லை. தன் குழந்தையின் பெயரைச் சொல்லவே ஒருவன் அஞ்சும்படி வைத்திருப்பது சுதந்திர தேசத்துக்கு அழகன்று. பழி அந்த உத்தரவையே சாரும். அதை மாற்றக் கிளர்ச்சி செய்யவேண்டியது தேசபக்தர்களின் கடமை.

இதற்கெல்லாம் கட்டாயச் சட்டம் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பிரான்ஸ் தேசத்தில் 1803ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்து, பஞ்சாங்கங்களிலுள்ள பெயர்களையும் பழஞ்சரித்திர புருஷர்களின் பெயர்களையுமே குழந்தைகளுக்கு இடலாம் என்று விதித்தார்கள். 1993ஆம் ஆண்டில் அவர்களே பெற்றோருக்குச் சுயேச்சை அளித்துவிட்டார்கள். தொட்டிலுக்குப் போலீஸ் காவல் வைத்து எந்தப் பாஷையும் வளர்ந்ததில்லை. அன்பினாலும் அறிவினாலுமே இது ஆகவேண்டும்.

ஆகவே, பெயரிடப்போகும் கிறிஸ்தவ சகோதரர்களுக்கு நாம் கூறுவது இவ்வளவே: புனிதரின் பெயரை இடுங்கள், அதைத் தமிழில் இடுங்கள், வீட்டிலும் கோவிலிலும் பள்ளியிலும் அந்த ஒரு பெயரையே வழங்குங்கள். பழைய உருவம் பிடிக்காவிடில் அதன் பொருளை எடுத்துப் புதிய தமிழ்ப் பெயர் ஆக்குங்கள். முன்னோர் செய்ததும் அதுவே. குழந்தை வளர்ந்து, 'என் பெயருக்குப் பொருள் என்ன?' என்று கேட்கும் நாளில், அதைச் சொந்தப் பாஷையிலேயே எடுத்துச் சொல்ல உங்களுக்கு முடியவேண்டும். டிசம்பர் 26ஆம் தேதி முடியப்பர் திருநாளன்று ஆத்தூரில் ஒரு முடியப்பனாவது இருந்தால், இழப்பு அவ்வூர்க் கிறிஸ்தவர்களுக்கு மட்டுமல்ல, தமிழ் பேசும் நம் எல்லோருக்குமே தவிர்க்கப்பட்டதாகும்.