'குடும்பக் கட்டுப்பாடு' என்னும் சொல்லும் மகப்பேற்று மனை அறிவுரையும்

மகப்பேற்று மனைகளில் பெண்களுக்கு வழங்கப்படும் கருத்தடை அறிவுரை மருத்துவச் செய்தி மட்டுமன்று. மொழிவழி நிகழும் பரிமாற்றமும் ஆகும். அதில் கையாளப்படும் ஒரு சொல்லே பெண்ணின் தெரிவைச் சுருக்கிவிடக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சென்னைப் பேச்சுவழக்கில் 'குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிட்டா' என்றால் அறுவை சிகிச்சை செய்துகொண்டாள் என்பதே பொருள். காப்பர்-டி பொருத்திக்கொண்டவளை எவரும் அவ்வாறு சுட்டுவதில்லை. இப்பொருட்சுருக்கத்திற்கு நடைமுறையே காரணம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15–49 வயதுடைய மணமான பெண்களுள் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களுக்கான அறுவை 1 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

சாந்தோமை ஒட்டிய மீனவர் குப்பத்திலிருந்து முதற்பேற்றுக்கு வரும் ஓர் இளம்பெண்ணைக் கருதுவோம். "குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிறியாம்மா?" என்று செவிலியர் கேட்டால், "வேணாம் சிஸ்டர்" என்பதே விடையாகும். அவள் மறுத்தது அறுவையை. பதிவேட்டில் ஏறுவதோ கருத்தடையையே மறுத்ததாக. 1968இல் வெளியான திருத்தந்தையின் சுற்றுமடல் இயற்கை முறைகளை மட்டுமே ஏற்பதால், மறுப்பவள் கத்தோலிக்கப் பெண்ணாயின் பொருள் மேலும் மயங்கும். அறுவையை மறுத்தாளா, செயற்கை முறை அனைத்தையுமா?

இச்சொல்லுக்கு முன்னர் வேறு சொற்கள் வழங்கின. 1930இல் 'குடி அரசு' இதழில் பெரியார் 'கர்ப்பத்தடை' குறித்து எழுதினார். நாட்டின் வறுமை, தாயின் உடல்நலம் என்று பிறர் கூறிய காரணங்களிலிருந்து விலகிப் பெண்ணின் விடுதலையையே அவர் முன்வைத்தார். 1936இல் வெளிவந்த நூலின் தலைப்பு 'கர்ப்ப ஆட்சி'. அதன் வடசொற்கலப்பைக் குறைகூறுவோர் உண்டு. எனினும், ஆள்பவள் யார் என்பதை உணர்த்துவதில் அதற்கு நிகரான சொல் பின்னர் தோன்றவில்லை என்பது என் கருத்து. 1952இல் அரசுத் திட்டம் தொடங்கியபின் 'குடும்பக் கட்டுப்பாடு' நிலைபெற்றது. நெருக்கடிநிலைக் காலக் கட்டாய அறுவைகளால் அச்சொல் கறைபட, 1977இல் 'குடும்ப நலம்' என்னும் பெயர் வந்தது. துறையின் பெயர் மாறியதேயன்றி மக்கள் வழக்கு மாறவில்லை.

2017 முதல் அரசு மருத்துவமனைகளில் வழங்கப்படும் மூன்றுமாத ஊசிக்கு 'அந்தரா' என்றும், ஹார்மோன் கலவாத மாத்திரைக்குச் 'சாயா' என்றும் பெயர். இரண்டும் தமிழ்ப் பெண்ணுக்கு எதையும் உணர்த்துவதில்லை. 'சாயா' தேநீரை நினைவூட்டினால் வியப்பில்லை.

அறிவுரை வழங்கும் காலமும் கருதத்தக்கது. பேற்றுக்குப்பின் 48 மணிநேரத்திற்குள் காப்பர்-டி பொருத்தலாம். பாலூட்டும் தாய் அந்தரா ஊசிக்கு ஆறு வாரமும், கூட்டு ஹார்மோன் மாத்திரைக்கு ஆறு மாதமும் காத்திருத்தல் வேண்டும். வலியில் துடிப்பவளிடம் இவற்றை விளக்கி ஒப்புதல் பெறுவது ஒப்புதலாகாது. கருவுற்ற காலப் பரிசோதனைகளின்போதே பேச்சைத் தொடங்குதல் வேண்டும். அப்போதும் முறையின் பெயரைச் சொல்லித் தொடங்கவேண்டியதில்லை. "அடுத்த குழந்தை எப்பம்மா வேணும்னு நினைக்கிற?" என்ற வினாவுக்கு 'வேண்டாம்' என்பதோடு, 'மூன்று வருடம் போகட்டும்' என்றும் 'அவரைக் கேட்கணும்' என்றும் விடைகள் வரக்கூடும்.